அகத்திக்கு மேலே

"அன்னைக்கு மூணு தடவை வந்தீங்க சாரே" என்றார் டீக்கடைக்காரர்.

இரண்டு தடவை. வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். கையில் கட்டன் சாயா சுட்டது. லட்சத்தீவில் அகத்தி. போன ஜனவரி. பெர்மிட் வாங்கி, பெட்டி தூக்கி, ஏடிஆர் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பயணியாக வந்திருந்தேன். பேச்சுவாக்கில், ஒரு காலத்தில் இங்கே சின்ன பிளேன் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னதும் அடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஜூன் மாசம், மழை, வந்துவிட்டு இறங்காமல் போன பிளேன் ஒன்று உண்டே, தெரியுமா என்று கேட்டார். அது நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் முப்பது வருடமாக நான் சொல்லிவரும் கதை அது. புதிதாக வரும் பையன்களுக்கு வகுப்பெடுக்கும்போதெல்லாம் அதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். இரண்டு முறை முயன்றேன், பாதை தெரியவில்லை, திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவருக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். கீழே நின்று எண்ணியவன். மழையில் இன்ஜின் சத்தம் கடல் பக்கமிருந்தும் வரும், கரைப் பக்கமிருந்தும் வரும். பையன் தப்பாக எண்ணியிருப்பான்.

அகத்தி என்ற பெயரை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். "கீரை பறிக்கப் போறியாடா?" எங்களுக்குத் தூத்துக்குடி. அகத்தி என்றால் துவாதசிக்கு ஆக்கும் கீரை, ஆட்டுக்குப் போடும் தழை. ஆனால் அந்தத் தீவுகள் எங்கள் வீட்டு அடுக்களைக்கு எப்போதோ வந்துவிட்டவை என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. பரணில் கட்டை மாதிரி கிடக்கும் மாசிக்கருவாடு, அம்மியில் தட்டினால் செதில் செதிலாக உதிருமே, அது மினிக்காயிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் தோணியில் வந்தது. சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தது. பின்னாளில் அகத்தியில் ஒரு பயணி பாய்முடைச்சலில் சுற்றிய மூட்டையோடு விமானத்தில் ஏற, உள்ளே பரவிய வாசனையில் நான் ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்யும் பட்டியலை மறந்து உட்கார்ந்திருந்தேன். கோ பைலட் கோயம்புத்தூர்க்காரன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், இது என்ன சார்" என்றான். "எங்க வீடு" என்றேன்.

கொச்சியில் அப்போது நெடும்பாசேரி விமான நிலையம் வரவில்லை. அது 1999இல்தான் திறந்தது. நாங்கள் கிளம்புவது வில்லிங்டன் தீவிலிருந்து, கடற்படைத் தளத்துக்குள்ளிருந்து. அந்தத் தீவே மனிதன் செய்தது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டியபோது அள்ளிப்போட்ட மண்ணில் எழுந்தது. ஆக, ஒரு செய்தீவிலிருந்து புறப்பட்டு ஒரு பவளத்தீவில் இறங்குவது எங்கள் பிழைப்பு. நடுவில் சுமார் 460 கிலோமீட்டர் தண்ணீர்.

விமானம் டோர்னியர் 228. பத்தொன்பது இருக்கை, இரண்டு டர்போபிராப் இன்ஜின், கான்பூரில் கட்டியது. மூக்கு நீண்டு, சிறகு மேலே. அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அதைவிட அழகான விமானம் கிடையாது. கேபினில் காற்றழுத்தம் ஏற்றும் வசதி இல்லை; அதனால் பத்தாயிரம் அடிக்குள்தான் பறப்போம், மேகத்துக்கு மேலே போய்த் தப்பிக்கிற சொகுசெல்லாம் பெரிய ஜெட்டுகளுக்கு. கழிப்பறையும் இல்லை. சத்தம் மட்டும் உண்டு. அந்த காரெட் இன்ஜின் தரையில் நிற்கும்போதே ஊசியைக் காதுக்குள் திருகுவதுபோல் கத்தும். தீவுக்காரர்கள் வானத்தைப் பார்க்கவே மாட்டார்கள். சத்தம் கேட்டதும் சாமான் தூக்கும் கைவண்டிகள் தென்கோடிக்கு நகரத் தொடங்கிவிடும் என்பார்கள்.

பயணிகளைத் தராசில் ஏற்றி நிறுப்போம். பெட்டியை மட்டுமில்லை, ஆளையும். சிலருக்குக் கோபம் வரும், பெண்களுக்குக் கூச்சம். எடையைப் பக்கத்திலிருப்பவர் கேட்காதபடி பையன் மெதுவாகச் சொல்வான், எழுதுகிறவர் சத்தமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வார். எதற்காக இத்தனை கணக்கு என்று அவர்களுக்கு நாங்கள் விளக்கியதில்லை. காரணம் இறக்கைக்குள் இருந்தது. போகிறதற்கு மட்டுமல்லாமல், இறங்க முடியாமல் அப்படியே திரும்பி வருகிறதற்கும் எரிபொருள் கொண்டுபோக வேண்டும். அங்கே பக்கத்தில் வேறு ஓடுபாதை கிடையாது. அந்தத் தீவுக்கூட்டத்திலேயே ஒன்றே ஒன்றுதான், 1988இல் போட்டது. பெங்களூரில் மூடுபனி என்றால் சென்னைக்குப் போகலாம். அகத்தியில் மழை என்றால் நீங்கள் புறப்பட்டு வந்த கொச்சிக்கே திரும்பவேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு நாளும் இரண்டு பேர், மூன்று பேர், வராமல் போகக்கூடிய ஒரு திரும்புதலுக்காகத் தங்கள் இருக்கையை எரிபொருளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கொச்சியில் நிற்பார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை எனக்கு இல்லை. கௌண்டரில் இருப்பவருடையது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வானொலியை முடுக்குவேன்.

நல்ல நாளில் அந்தப் பாதையில் குழந்தைகூடப் போகும். மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து. ஒரு மணி நேரம் வெறும் நீலம். பிறகு வலது பக்கம் ஆந்த்ரோத், இடது பக்கம் தூரத்தில் கல்பேனி. ஆந்த்ரோத்தைப் புதிய ஆட்கள் தவறவிட்டுவிடுவார்கள். மற்ற தீவுகளைக் காட்டிக்கொடுப்பது தீவல்ல, அதைக் கட்டிக்கொண்டு கிடக்கும் லகூன். பவளத்திட்டுக்குள் அடைபட்ட ஆழமில்லாத தண்ணீர், பச்சைக் கண்ணாடி வளையலை உடைத்துப்போட்ட மாதிரி ஐம்பது மைலுக்கு அப்பாலேயே மினுங்கும். ஆந்த்ரோத்துக்கு மட்டும் லகூன் இல்லாத குறை. கறுப்பாக, மேகத்தின் நிழல்போல் கிடக்கும்.

மேக நிழல்தான் பெரிய ஏமாற்று. வெயில் நாளில் சின்னச் சின்ன வெள்ளை மேகம், ஒவ்வொன்றுக்கும் கடல்மேல் ஒரு கறுப்புத் திட்டு. அத்தனையும் தீவு. பார்க்கவேண்டும் என்று கண் ஏங்கிவிட்டால் ஓரத்தில் மணற்கரைகூட வரைந்து காட்டும். அமெலியா இயர்ஹார்ட் 1937 ஜூலை 2ஆம் தேதி பசிபிக்கில் ஹவ்லாண்ட் தீவைத் தேடிக்கொண்டிருந்தபோது அவருக்கும் இப்படி எத்தனை ஹவ்லாண்ட் தெரிந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு கிலோமீட்டர் நீளம், கடலிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரம். கீழே காத்திருந்த கப்பலில் அவர் குரல் வானொலியில் ஓங்கி ஒலித்தது, அவ்வளவு பக்கம். விமானம் மட்டும் கண்ணில் படவேயில்லை. அவருக்காகவே அந்தத் தீவில் போட்டுவைத்த ஓடுபாதை சும்மா கிடந்தது.

ஜிபிஎஸ் எங்களிடம் அப்போது இல்லை. தீவில் ஒரு ரேடியோ பீக்கன், காக்பிட்டில் அதை நோக்கித் திரும்பும் ஒரு முள். இவ்வளவுதான். அந்த முள்ளுக்கு ஒரு கெட்ட பழக்கம். மின்னலும் அதற்கு ரேடியோதான். இடிமேகம் பக்கத்தில் வந்தால் முள் பீக்கனை விட்டுவிட்டு மேகத்தைக் காட்டும். எதை நீ தவிர்க்கவேண்டுமோ அதை நோக்கி அழைக்கும். எனக்கு இந்தப் பாதையைக் கற்றுக்கொடுத்த மூத்த கேப்டன் முள் ஆடத் தொடங்கினால் அதன்மேல் தன் தொப்பியை மாட்டிவிடுவார். "பாக்காதே. பாத்தா நம்புவே" என்பார். கடிகாரம், காற்று, திசைகாட்டி, அவ்வளவையும் வைத்துக் கணக்குப் போடச் சொல்வார்.

அவரிடம் இன்னொரு வித்தையும் உண்டு. தீவைக் குறிவைக்கமாட்டார். வேண்டுமென்றே சில மைல் வடக்கே தள்ளிக் குறிவைப்பார். நேராகப் போய், நேரமும் ஆகி, தீவைக் காணோம் என்றால் அது வலமா இடமா என்று யாருக்குத் தெரியும்? வேண்டுமென்றே வடக்கே தப்பியிருந்தால் சந்தேகமே இல்லை, தெற்கே திருப்பு. மேலும் வடகிழக்கே பங்காரம் தீவின் லகூன் விரித்துக் கிடக்கிறது, அது முதலில் கண்ணில் படும். பிரான்சிஸ் சிசெஸ்டர் 1931இல் இதைத்தான் செய்தார் என்று பிற்பாடு படித்தேன். மிதவை மாட்டிய சின்ன ஜிப்சி மாத் விமானம். ஆள் தனி. ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டு மறுகையில் செக்ஸ்டன்ட் பிடித்துச் சூரியனை அளந்து, நியூசிலாந்திலிருந்து நார்போக் தீவுக்கு. அங்கிருந்து லார்டு ஹோவ் தீவுக்கு. அங்கே ராத்திரி காற்றில் விமானம் நங்கூரத்திலேயே கவிழ்ந்து நொறுங்கிவிட, தீவு மக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிரித்து, ஒட்டி, தைத்து மறுபடி பறக்கவைத்துவிட்டார். என் கேப்டன் சிசெஸ்டரைப் படித்தவரில்லை. அவர் மேற்கோள் காட்டுவதெல்லாம் தன் சம்சாரத்தை: "காய்கறிக் கடைக்குப் போனா அவ முதல்ல வேண்டாத காயைத்தான் விலை கேப்பா."

இறங்குவது பற்றிச் சொல்லவேண்டும். அகத்தி ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், தெற்கே போகப்போகச் சூம்பிக்கொண்டே வரும். சூம்பிய அந்த வாலில்தான் ஓடுபாதை. வாலுக்கு அப்பால் ஆளில்லாத கல்பிட்டித் திட்டு. மேற்கே லகூன், கிழக்கே ஆழ்கடல். நீளம் 1,204 மீட்டர், சென்னையின் பெரிய ஓடுபாதையில் மூன்றில் ஒரு பங்கு. நீளம்கூடப் பயமில்லை, டோர்னியர் அதில் பாதியில் நின்றுவிடும். அகலம்தான் ஆளைக் கவிழ்ப்பது. 30 மீட்டர். அகன்ற ஓடுபாதைக்குப் பழகிய கண், குறுகலானதைப் பார்த்ததும் "நீ உயரத்தில் இருக்கிறாய்" என்று சொல்லும். நம்பிக் கீழே போனால் ஏற்கெனவே கீழேதான் இருந்திருப்பாய். சுற்றிலும் தண்ணீர், உயரம் கணிக்க ஒரு வீடு, ஒரு பனைமரம் கிடையாது. தென்னைகளும் ஒரு பக்கம்தான். முதல் தடவை என் கேப்டன் உயரமானியின்மேல் விரலை வைத்துக்கொண்டே வந்தார். கண்ணைக் கேட்காதே, இதைக் கேள்.

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைப் பின்னாளில் சிமுலேட்டர் பயிற்சியில் சந்தித்தேன். அவர் பாரா தீவுக்கு ட்வின் ஆட்டர் ஓட்டியவர். அங்கே ஓடுபாதை என்பதே கடற்கரை மணல். மூன்று பாதை, முனைகளில் மரக்கம்பம் நட்டு அடையாளம். அலை ஏறினால் மூன்றும் தண்ணீருக்கடியில். விமான அட்டவணையை ஓதம் பார்த்துத்தான் போடுவார்களாம். காற்றுப்பை கொடிமரத்தில் ஏறியிருந்தால், மட்டி பொறுக்குகிறவர்கள் கரையை விட்டு விலகவேண்டும். உங்கள் ஓடுபாதை என்றைக்கும் ஒரே இடத்தில் இருக்கிறதே, சலிப்பாக இல்லையா என்று கேட்டார். கொச்சிக்கு வந்ததும் அன்றாடம் இன்ஜினைக் குளிப்பாட்டுவோம், அது போதும் வேடிக்கை என்றேன். உண்மைதான். உப்புக்காற்றைக் குடித்த கம்ப்ரஸருக்குள் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாவிட்டால் பிளேடுகளை உப்பு தின்றுவிடும். சாயங்காலம் மெக்கானிக்குகள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்ஜின் வெறுமனே சுற்றித் தண்ணீர் துப்பும். மாட்டைக் குளத்தில் இறக்கின மாதிரி இருக்கும்.

ஜூன் 4. அதை நான் சொல்லும் விதம் இது. மழைக்காலம் அந்த வாரம்தான் இறங்கியிருந்தது. காலை அறிக்கையில் அகத்தி பரவாயில்லை. பதின்மூன்று பயணிகள். காற்று எதிரே, வலுவாக. ஆந்த்ரோத்தும் இல்லை, கல்பேனியும் இல்லை, ஒரே சாம்பல். முள் நான்கு திசையும் ஆடியது. தீவுக்கு மேலே வந்துவிட்டோம் என்பதை முள் சட்டென்று பின்னால் திரும்பியதை வைத்துத் தெரிந்துகொண்டோம். தள்ளிப்போய், திரும்பி, ஸ்டாப்வாட்சை அழுத்தி, இறங்கினோம். குறித்த உயரத்தில் தண்ணீரின் வெள்ளை நுரைகூடத் தெரியவில்லை. ஏறினோம். சுற்றி வந்து மறுபடி. டவரில் இருந்தவர், உங்கள் சத்தம் கேட்கிறது, உங்களைக் காணோம் என்றார். நான் கோ பைலட்டிடம் "போதும், வீட்டுக்குப் போவோம்" என்றேன். இதைச் சொல்லும் இடத்தில் வகுப்பில் ஒரு நிறுத்தம் விடுவேன். திரும்பும்போது கதவுத்திரையை விலக்கிப் பார்த்தேன். பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. பார்த்து முடித்ததும் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்கள், அங்கே ஒன்றுமே இல்லாதபோதும்.

டீக்கடைக்காரர் இரண்டாவது சாயாவுக்குக் காசு வாங்கவில்லை. அன்றைக்கு அவர் தன் பாட்டியை, உம்மும்மாவை, கைவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாராம். கொச்சியில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. விமானக் கொட்டகையில் மழைச்சாரல் அடித்ததால் வண்டியைத் தென்னைகளுக்கடியில் நிறுத்தித் தார்ப்பாயைப் போர்த்தியிருக்கிறார். அவர்கள் பேசுவது ஜெசரி, மலையாளத்தின் ஒரு கிளை. என் தூத்துக்குடிக் காதுக்குப் பாதி புரியும், மீதியை அவர் கை சொன்னது. முதல் தடவை சத்தம் கடல் பக்கம் போனது. உள்ளங்கையை அப்படித் தள்ளினார். இரண்டாவது தடவை லகூன் பக்கம். மூன்றாவது தடவைக்குக் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஓலை எல்லாம் ஆடிச்சு சாரே. தார்ப்பாய் பறந்துபோச்சு. உம்மும்மா காதைப் பொத்திக்கிட்டு, வந்துட்டாங்க வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு நின்னாங்க."

கண் தெரியாத கிழவி. ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்டேன். அடுத்து வந்த கப்பலில் போனார்களாம், கண் சரியாகி, அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் இருந்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவர் வேறு ஆளுக்குப் பரோட்டா கொண்டுபோனார்.

சென்னை வந்ததும் லாக்புக்கைத் தேடினேன். பீரோவின் கீழ்த்தட்டில், அம்மாவின் மரணச் சான்றிதழ் வைத்த பைக்குள். ஓரம் பழுத்திருந்தது. ஜூன் 4 வரி என் கையெழுத்தில்: கொச்சி, கொச்சி. புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்று. நேரம் 3.25. குறிப்புக் கட்டத்தில் "வானிலை" என்று ஒரே சொல்.

பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். எதிர்காற்றில் போக, தரையில் உருண்டது சேர்த்து, ஒரு மணி முப்பத்தைந்து. காற்று முதுகில் தள்ளத் திரும்ப ஒன்றேகால். ஆக இரண்டு ஐம்பது. ஒரு முயற்சிக்குப் பன்னிரண்டு நிமிடம். இரண்டு முயற்சி என்றால் மூன்று மணி பதினான்கு. 3.25இல் கழித்தால் பதினொரு நிமிடம் மிச்சம் நின்றது. காற்றை மாற்றிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். பதினொரு நிமிடம் எங்கேயும் போகமாட்டேன் என்றது.

கோ பைலட் ஓய்வுபெற்றுக் கோயம்புத்தூரில் இருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி பேசுவோம். எத்தனை என்று மட்டும் கேட்டேன். எதைப் பற்றி என்றுகூட அவன் கேட்கவில்லை.

"மூணு சார்."

நான் பேசாமல் இருந்தேன். முப்பது வருடமாக வகுப்பில் நீங்கள் சொல்லும் கதை என் காதுக்கும் வந்திருக்கிறது என்றான். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை.

"நாலாவதுக்கும் திருப்பப் பாத்தீங்க. நான் ஃப்யூவல் கேஜைத் தட்டிக் காட்டினேன். அப்பதான், வீட்டுக்குப் போவோம்னீங்க."

"ஓலை ஆடிச்சாமே" என்றேன்.

"ஆடிச்சு. எனக்குத் தெரிஞ்சுது." கொஞ்ச நேரம் மிக்ஸி சத்தம் கேட்டது, யாரோ கதவைச் சாத்தினார்கள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார். உங்க பக்கத்து வைப்பரை நீங்க போடவே இல்லை."